வண்ணமும் அச்சும்

தைத்திங்கள் பிறப்பதற்குச் சில நாள் முன்னரே அஞ்சற்காரர் பை கனத்துவிடும் காலம் ஒன்று இருந்தது. கரும்பும், மஞ்சட்கொத்தும், பொங்கிவழியும் பானையும் தீட்டிய வாழ்த்து அட்டைகள் சிவகாசி அச்சகங்களினின்று தமிழ்நாடெங்கும் சென்றன. கடைத்தெருவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டைகளுள் இன்னார்க்கு இன்னது எனத் தேர்ந்து, பெயர் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி விடுத்தனர் மக்கள். இந்நாளில் வாழ்த்துச் செய்தி கைப்பேசி வழியே நொடிப்பொழுதிற் சென்று சேர்ந்துவிடுகின்றது. எனினும், தம் கையால் ஆக்கிய அட்டையை உற்றார்க்கு விடுக்க விரும்புவோர் இன்றும் உளர். அவர்க்குத் துணையாக வண்ண அச்சுப்பொறி வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது. படம் எடுத்தல் எளிது. அதனை அச்சிடுதலும் எளிது. ஆனால், திரையிற் கண்ட வண்ணம் தாளிலும் அவ்வாறே அமைதல் எளிதன்று. அதற்குக் காரணம் யாது, அக்குறையைப் போக்கும் நெறி யாது என்பவற்றை அறிதல் பயனுடையது.

மதுரையை அடுத்த ஊர் ஒன்றில் பத்தாம் வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய பாட்டனார் ஆண்டுதோறும் பொங்கலுக்கு உறவினர் அனைவர்க்கும் அட்டை விடுக்கும் வழக்கமுடையவர். பாட்டியார் மறைந்த ஆண்டில் அவ்வழக்கம் நின்றுபோயிற்று. மறு ஆண்டு, பாட்டியார் அடுப்பிற் பானை ஏற்றும் பழைய படம் ஒன்றை வாழ்த்து அட்டையாக அச்சிட்டுப் பாட்டனார் கையிற் கொடுக்க மாணவி விரும்பினாள். அப்படத்தில் பாட்டியார் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை உடுத்தியிருந்தார். கணினித் திரையில் அப்படம் உயிர்பெற்றது போல் விளங்கிற்று. அச்சுப்பொறியினின்று வெளிவந்த அட்டையிலோ சேலை கத்தரிப்பூ நிறங்கொண்டிருந்தது. முகம் காய்ச்சல் கண்டவர் முகம்போற் சிவந்திருந்தது. கரும்புத் தோகையின் பசுமை மங்கிக் கிடந்தது. அட்டையை நெடுநேரம் நோக்கிய பாட்டனார், "படம் நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால், இஃது உன் பாட்டியின் சேலை அன்று" என்று மெல்லக் கூறித் திருப்பிக் கொடுத்தார்.

மை குறைந்துவிட்டது போலும் என மாணவி கருதினாள், புதிய மை நிரப்பினாள், பயனில்லை. திரையிற் படத்தைச் சிறிது மஞ்சளாக்கி மீண்டும் அச்சிட்டாள். சேலை செங்கல் நிறமாயிற்று. வெண்கலப் பானையிற் பச்சை பாய்ந்தது. ஒன்றைத் திருத்த மற்றொன்று கெட்டது. இவ்வாறு எட்டுத் தாள்கள் வீணாயின. நோயின் முதலை நாடாமல் மருந்து கொடுப்பார் செயல் போன்றதே அவள் செய்த முயற்சி. நோய் முதல் நாடவேண்டுமாயின் வண்ணம் என்பது யாது என முதற்கண் தெளிதல் வேண்டும்.

வண்ணம் பொருளிடத்து மட்டும் உறைவதன்று. ஒளி, பொருள், கண் என்னும் மூன்றும் கூடுமிடத்துத் தோன்றுவது அது. ஞாயிற்றின் வெள்ளொளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தினால் அது பல நிறக் கதிர்களாகப் பிரியும் என்பதை ஐசக் நியூட்டன் ஆய்ந்து 1672-ஆம் ஆண்டில் வெளியிட்டார். செந்நிறப் பூ செந்நிறக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்பிப் பிறவற்றைப் பெரும்பாலும் உட்கொள்ளுகின்றது. ஆதலின், அது சிவந்து தோன்றுகின்றது. கண்ணில் மூவகை நிற உணர்விகள் உண்டு என்னும் கருத்தைத் தாமஸ் யங் என்பார் 1802-இல் வெளியிட்டார். பிற்காலத்து ஆய்வுகள் அதனை மெய்ப்பித்தன. அம்மூவகை உணர்விகளும் பெறும் தூண்டுதலின் அளவைக் கொண்டே மனிதர் எண்ணற்ற நிறங்களையும் வேறு பிரித்து உணர்கின்றனர்.

இவ்வுண்மையைக் கருவியாகக் கொண்டு, ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு காட்சி நிகழ்த்தினார். பல நிறக் கோடுகள் அமைந்த நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகள் வழியே தனித்தனிப் படமாக எடுக்கச் செய்து, அப்படங்களை அவ்வந்நிற ஒளியால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். நாடாவின் நிறங்கள் திரையில் தோன்றின. இற்றைநாட் கணினித் திரையும் கைப்பேசித் திரையும் இந்நெறியிலேயே இயங்குகின்றன. உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு திரையின் வெள்ளிடத்தை நோக்கினால், ஆங்கு வெண்மை இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளே உள்ளன எனக் காணலாம். மூன்றும் முழுமையாக ஒளிர்ந்தால் வெண்மை. மூன்றும் அவிந்தால் கருமை. சிவப்பும் பச்சையும் மட்டும் ஒளிர்ந்தால் மஞ்சள். இவ்வாறு ஒளியோடு ஒளி கூடி நிறம் பிறத்தலைக் கூட்டல் முறை எனலாம்.

தாளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தாளுக்குத் தனக்கென ஒளி இல்லை. தன்மேல் விழும் ஒளியையே அது திருப்பித் தருகின்றது. மை அவ்வொளியில் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்ளுகின்றது. சயான் எனப்படும் பசுநீல மை சிவப்பொளியைக் கவரும். மெஜந்தா எனப்படும் செங்கருநீல மை பச்சையொளியைக் கவரும். மஞ்சள் மை நீலவொளியைக் கவரும். மையின்மேல் மை ஏற ஏற ஒளி குறைந்து இருள் மிகும். ஆகவே, இது கழித்தல் முறையாகும். மூன்று மைகளும் கூடினால் கருமை பிறத்தல் வேண்டும்; நடைமுறையிலோ அழுக்குத் தவிட்டு நிறமே பிறக்கின்றது. ஆதலின், கறுப்பு மையை நான்காவதாகச் சேர்த்தனர். மூவண்ண அச்சு முறையை ஜேக்கப் லெ பிளான் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கையாண்டார். இரவி வருமாவின் ஓவியங்களை அச்சிடுவதற்கு 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலோ ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல் அமைத்து அச்சிட்டனர். அந்நாளில் நிறத்தை நிறுத்துப் பார்த்த துலாக்கோல் கைவல்லோர் கண்ணே.

திரை ஒளியைக் கூட்டுவது. தாள் ஒளியைக் கழிப்பது. ஆதலின், இரண்டும் காட்டவல்ல நிறங்களின் எல்லையும் வேறு வேறு. திரையில் மின்னும் தூய பச்சையையும் ஆழ்ந்த நீலத்தையும் மையாற் காட்டுதல் இயலாது. மஞ்சள், பசுநீலம் ஆகியவற்றில் சிலவற்றை நல்ல அச்சுப்பொறி திரையினும் செறிவாகக் காட்டுதலும் உண்டு. பாவும் ஊடும் வேறு நிறமாக நெய்த மயிற்கழுத்து நிறப் பட்டின் சாயலோ இரண்டிற்கும் எட்டாது. நோக்கும் திசைக்கேற்ப மாறும் அச்சாயலை அசையாத ஒரு படம் எங்ஙனம் காட்டும்? எனவே, அச்சிடுவோன் முதலில் உணர வேண்டுவது, எல்லா நிறமும் எல்லாக் கருவிக்கும் கைகூடா என்பதே.

இனி, இரண்டாவது இடர்ப்பாட்டைக் காண்க. கணினி நிறத்தை எண்ணால் அறிகின்றது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் வைத்து எண்ணினால் 1,67,77,216 சேர்க்கைகள் உண்டாகும். ஒரு புள்ளியின் எண்கள் 150, 30, 45 என இருப்பின், அஃது அரக்கு நிறத்தை ஒத்த ஒன்றைக் குறிக்கலாம். 'குறிக்கலாம்' என்பதே உண்மை. 'குறிக்கும்' என உறுதியாகக் கூற இயலாது. அவ்வெண்களை ஒரு திரைக்குக் கொடுத்தால் ஒரு சிவப்பும், மற்றொரு திரைக்குக் கொடுத்தால் வேறொரு சிவப்பும், அச்சுப்பொறிக்குக் கொடுத்தால் பிறிதொரு சிவப்பும் தோன்றும். எண் சொல்லைப் போன்றது. நிறம் அச்சொல்லின் பொருளைப் போன்றது. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் சினத்தையும் உணர்த்தும், நிறத்தையும் உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் கூறும் செய்தி. இடம் அறியாதவன் அச்சொற்களுக்குப் பொருள் கூறப் புகின் இடர்ப்படுவான். அவ்வாறே, எண்கள் எந்தக் கருவிக்கு உரியவை என அறியாத கணினியும் நிறத்தைப் பிறழ உரைக்கின்றது.

இவ்விடர் நீங்க, எந்தக் கருவியையும் சாராத பொது அளவை ஒன்று வேண்டும். அவ்வளவை 1931-ஆம் ஆண்டில் தோன்றிற்று. இங்கிலாந்து நாட்டு ரைட் என்பார் பத்துப் பேரையும், கில்ட் என்பார் ஏழு பேரையும் கொண்டு, ஒரு நிறத்திற்கு ஈடாக மூன்று ஒளிகளை எவ்வெவ்வளவிற் கலக்க வேண்டும் எனத் தனித்தனியே சோதித்திருந்தனர். அம்முடிவுகளைக் கொண்டு பன்னாட்டு ஒளியியல் ஆணையம் மனிதர் கண்ணின் பொதுநிலையை எண்ணால் வரையறுத்தது. 1976-இல் 'லேப்' என வழங்கும் திருந்திய அளவையும் அமைந்தது. அவ்வளவையில் ஒரு நிறத்தைக் குறித்தால், அது கருவியின் சொல்லன்று. கண் காணும் பொருளே ஆகும்.

பொது அளவை கிடைத்தபின், கருவிதோறும் ஓர் அகராதி வேண்டும். 'இந்த எண்ணைக் கொடுத்தால் இக்கருவி இந்த நிறத்தைக் காட்டும்' என அளந்து எழுதிய பட்டியலே அவ்வகராதி. 1993-ஆம் ஆண்டில் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை நிறுவி, அப்பட்டியலுக்குப் பொதுவான வடிவம் வகுத்தன. ஐ.சி.சி. புரொஃபைல் என வழங்குவது அதுவே. திரைக்கு ஒரு புரொஃபைல் உண்டு; அச்சுப்பொறிக்கும் உண்டு. திரை எண்ணைப் பொது நிறமாகவும், பொது நிறத்தை அச்சுப்பொறி எண்ணாகவும் பெயர்த்துரைக்கும் செயலே வண்ண மேலாண்மை. ஒரு மொழியிலுள்ளதைப் பிறிதொரு மொழியிற் பெயர்ப்பவன் சொல்லுக்குச் சொல் வைக்காமல், பொருளை உணர்ந்து அப்பொருளுக்குரிய சொல்லை நாடுதல் போன்றது இது.

படத்திற்கும் ஒரு புரொஃபைல் உண்டு. ஹியூலெட்-பாக்கார்டு, மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 1996-இல் முன்மொழிந்த எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் வண்ணவெளியே இணையத்திலும் ஒளிப்படக் கருவிகளிலும் மிகுதியாக வழங்குவது. சில கைப்பேசிகள் அதனினும் அகன்ற வண்ணவெளியிற் படம் எடுக்கின்றன. அப்படத்தோடு இணைந்த புரொஃபைலை நீக்கிவிட்டால், அடுத்த கணினி அதன் எண்களை எஸ்.ஆர்.ஜி.பி. எனக் கொண்டு மங்கலாகக் காட்டும். ஆதலின், படத்தைச் சேமிக்கும்பொழுது புரொஃபைலையும் உடன் சேமித்தல் வேண்டும்.

மாணவியின் பள்ளி ஓவிய ஆசிரியர் இக்கலையில் தேர்ந்தவர். அவள் அட்டைகளையும் கணினியையும் ஆராய்ந்த அவர் மூன்று பிழைகளைக் கண்டார்.

முதற்பிழை திரையில் இருந்தது. இரவிற் கண் கூசாமலிருக்க நீலவொளியைக் குறைக்கும் அமைப்பு அவள் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆதலின், திரை முழுவதும் மஞ்சள் படர்ந்திருந்தது. திரையின் ஒளியும் மிகுந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது. மஞ்சட் கண்ணாடி அணிந்து நிறத்தை மதிப்பிடுவான் முடிவு செம்மையாகுமா? அவர் அவ்வமைப்பை நிறுத்தி, திரையின் வெண்மையை 6500 கெல்வின் என்னும் அளவில் வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை நல்ல வெளிச்சத்தில் திரையருகே பிடித்து, திரையின் வெள்ளிடமும் தாளும் ஏறத்தாழ ஒத்த ஒளியுடன் தோன்றும்வரை திரையொளியைக் குறைத்தார். 'அட்டை இருண்டு வருகின்றது' என்று வீடுதோறும் கேட்கும் முறையீட்டிற்குப் பெரும்பாலும் காரணம், அட்டையின் இருள் அன்று, திரையின் மிகையொளியே. திரையை அளக்கும் சிறு கருவியும் உண்டு. அதனைத் திரைமேல் வைத்தால், அது நிறங்களை அளந்து அத்திரைக்கே உரிய புரொஃபைலை எழுதித் தரும். திரையை இயக்கியவுடன் அளத்தல் ஆகாது. அரைமணி நேரமேனும் அஃது ஒளிர்ந்து நிலைபெறுதல் வேண்டும்.

இரண்டாம் பிழை தாளைப் பற்றியது. அச்சுப்பொறியில் வைத்தது பளபளப்பான ஒளிப்படத் தாள். கணினியிற் குறித்ததோ எழுதுதற்குரிய வெற்றுத் தாள். வெற்றுத் தாள் மையை உறிஞ்சும். பூச்சுடைய தாள் மையை மேலே தாங்கும். ஒவ்வொன்றிற்கும் வேண்டும் மையின் அளவு வேறு. அச்சுப்பொறி, மை, தாள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு புரொஃபைல். மூன்றனுள் ஒன்று மாறினும் அவ்வகராதி பொய்த்துவிடும். வேறு நிறுவனத்தின் மையை நிரப்பிவிட்டுப் பழைய புரொஃபைலைக் கொண்டு அச்சிடுவார் ஏமாறுதற்குக் காரணம் இதுவே. தாள் செய்வோர் பலர் தம் தாளுக்கும் குறிப்பிட்ட அச்சுப்பொறிகளுக்கும் பொருந்தும் புரொஃபைல்களை விலையின்றி வழங்குகின்றனர். அவற்றைப் பெற்றுக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

மூன்றாம் பிழையே பெரும்பிழை. படத்தை அச்சிடும் மென்பொருள், அச்சுப்பொறியின் புரொஃபைலுக்கேற்ப நிறத்தை ஒருமுறை பெயர்த்தது. அச்சுப்பொறியை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளோ, அதனை அறியாமல் மற்றொரு முறை பெயர்த்தது. பெயர்த்ததைப் பெயர்த்தால் பொருள் கெடாதோ? சேலை கத்தரிப்பூ நிறங்கொண்டதும் முகம் சிவந்ததும் இதனாலேயே. இத்தகைய இரட்டைத் திருத்தத்தில் செங்கருநீலம் ஏறித் தோன்றுதல் பெரும்பான்மை. ஆதலின், வண்ண மேலாண்மையை ஒருவரே செய்தல் வேண்டும். மென்பொருள் செய்வதாயின் டிரைவரில் வண்ணத் திருத்தம் இல்லை எனக் குறித்தல் வேண்டும். டிரைவர் செய்வதாயின் மென்பொருள் வாளா இருத்தல் வேண்டும். அச்சகத்தார் போல் நான்கு மை நிறங்களுக்கு ஏற்பப் படத்தை முன்னரே மாற்றிக் கொடுத்தலும் வீட்டிற்கு வேண்டுவதன்று. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீல எண்களையே ஏற்று, மைகளின் அளவைத் தாமே பகுத்துக்கொள்ளும்.

பிழைகள் நீங்கியபின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கும். அச்சுப்பொறியின் எல்லைக்கு அப்பாற்பட்ட நிறங்களை என் செய்வது? இதற்கு இரு வழிகள் சிறந்தன. எல்லா நிறங்களையும் அவற்றிற்கிடையே உள்ள தொடர்பு கெடாதவாறு சற்றே சுருக்கி எல்லைக்குள் அடக்குவது ஒரு வழி. இதனைப் 'பெர்செப்சுவல்' என்பர். எல்லைக்குள் அமைந்த நிறங்களை அவ்வாறே விட்டு, வெளியே நின்றவற்றை மட்டும் எல்லையோரத்திற்குக் கொணர்வது மற்றொரு வழி; இதனை 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' என்பர். பூந்தோட்டம், அந்திவானம் முதலிய செறிந்த நிறங்கள் பரந்த படத்திற்கு முன்னதும், முகமும் உடையும் செம்மையாக அமையவேண்டிய படத்திற்குப் பின்னதும் பெரும்பாலும் ஏற்றவை. எவ்வழி தக்கது என்பதைத் தாள் செலவின்றியே அறியலாம். அச்சிட்டால் எவ்வாறு தோன்றும் என்பதைத் திரையிலேயே காட்டும் முன்காட்சி பல மென்பொருள்களில் உண்டு. அதனை இயக்கியவுடன் படம் சற்று மங்கும். மங்கியது கண்டு மருளுதல் வேண்டா. தாளின் உண்மை நிலையையே அது காட்டுகின்றது.

அதன்பின் சோதனை அச்சு. முழு அட்டையையும் அச்சிட வேண்டுவதில்லை. முகம், சேலை, இலை, சாம்பல் நிறப் பட்டை ஆகியவற்றின் சிறு சிறு பகுதிகளை ஒரே தாளில் அமைத்தல் போதும். சாம்பல் நிறமே சிறந்த உரைகல். எல்லா நிறங்களும் சமமாக நின்றாலன்றிச் சாம்பல் சாம்பலாகத் தோன்றாது. சிறிது பச்சை பாய்ந்தாலும் சிறிது சிவப்பு ஏறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். சோதனைக்கு முன்னர் மைத்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா எனவும் நோக்குதல் வேண்டும். ஒரு மை வாராதொழியின் எந்தப் புரொஃபைலும் துணைசெய்யாது. ஒரு முறைக்கு ஓர் அமைப்பையே மாற்றுதலும், மாற்றியதைத் தாளின் பின்புறத்தே குறித்தலும் நலம். இரண்டை ஒருசேர மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என அறிதல் அரிது. அச்சிட்டவுடன் முடிவு கூறுதலும் தகாது. மை உலர உலர நிறம் சிறிது மாறும். சில மணி நேரமேனும், இயலுமாயின் ஒரு நாளேனும், பொறுத்து நோக்குதல் வேண்டும்.

நோக்கும் இடமும் இன்றியமையாதது. துணிக்கடைக்குச் செல்லும் பெண்டிர், விளக்கொளியில் எடுத்த சேலையை வாயிலுக்குக் கொணர்ந்து பகல் வெளிச்சத்திற் பார்த்த பின்னரே விலை பேசுவர். அவர் செயலில் ஆழ்ந்த அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. துணியின் சாயமும் தாளின் மையும் வேறு பொருள்கள். ஒரு விளக்கின்கீழ் அவை ஒரு நிறமாகவே தோன்றி, வேறு விளக்கின்கீழ் இரு நிறமாகப் பிரிதல் உண்டு. ஒளியின் உள்ளமைப்பு மாறுவதே அதற்குக் காரணம். இதுபற்றியே அச்சுத் தொழிலில் நிறத்தை ஒப்பு நோக்குவதற்கு 5000 கெல்வின் ஒளியைப் பொது ஒளியாக வைத்துள்ளனர். வீட்டிலோ நேர்வெயில் படாத திண்ணையின் பகலொளி போதும்.

வாழ்த்து அட்டைக்கெனச் சில செய்திகள் தனியே உண்டு. அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. அட்டையில் உள்ள வெண்மை தாளின் வெண்மையே. இளமஞ்சள் தாளில் அச்சிட்டால் பொங்கற் சோறும் இளமஞ்சளாகும். சில தாள்களில் வெண்மையை மிகுத்துக் காட்டும் பொருள் சேர்த்திருப்பர். அவை பகலொளியிற் சிறிது நீலம் பாய்ந்து தோன்றும். 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உடைய படம் தெளிவாக அமைய, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் 1200 புள்ளி அகலமும் 1800 புள்ளி நீளமும் வேண்டும். மடிக்கும் கோட்டின்மேற் செறிந்த நிறம் அமைத்தல் கூடாது. மடித்தவுடன் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தோன்றும். அச்சுப்பொறி தாங்கும் கனத்திற்கு மேற்பட்ட தாளைப் புகுத்துதலும் தவிர்க்கத்தக்கது.

மாணவி ஆசிரியர் காட்டிய நெறியில் நின்றாள். திரையைச் சீர்செய்தாள், தாளுக்குரிய புரொஃபைலை நிறுவினாள், பெயர்க்கும் பொறுப்பை மென்பொருளிடமே விட்டு, டிரைவரின் வண்ணத் திருத்தத்தை நிறுத்தினாள், முன்காட்சி கண்டாள், ஒரு தாளிற் சோதித்து ஒரு நாள் பொறுத்தாள். மறுநாட் காலை, பெட்டியில் மடித்து வைத்திருந்த சுங்குடிச் சேலையைத் திண்ணைக்குக் கொணர்ந்து, அட்டையை அதன் அருகே வைத்தாள். சேலை அரக்கு நிறம். அட்டையிலும் அரக்கு நிறம். ஆயினும், முற்றும் ஒன்றெனக் கூற இயலாது. நூலுக்குள்ள ஆழம் மைக்கு இல்லை. அவள் அதனை மறைக்கவில்லை. "சிறிது வேறுபாடு இருக்கிறது, தாத்தா. இதற்குமேல் இம்மையால் இயலாது" என்றாள்.

பாட்டனார் கண்ணாடியை அணிந்து அட்டையையும் சேலையையும் மாறி மாறி நோக்கினார். முகத்தின் நிறத்தைக் கண்டார். பானையின் மஞ்சளைக் கண்டார். பின்பு, "இவள் உன் பாட்டிதான், அம்மா. பதினெட்டு அட்டை போடு, முகவரி நான் எழுதுகிறேன்" என்று கூறித் தம் எழுதுகோலைத் தேடினார். ஓராண்டு நின்றிருந்த வழக்கம் அன்று மீண்டும் தொடங்கிற்று.

கருவிகள் பலவாயினும், அவற்றிற்கிடையே பொருள் மாறாமற் காப்பது அளவையே. அளவை அறியாதவன் மிகுந்த செலவு செய்தும் நிறத்தை இழக்கின்றான். அறிந்தவன் எளிய கருவி கொண்டும் உண்மைக்கு அணித்தாகச் செல்கின்றான். எட்ட இயலாத எல்லையை ஒப்புக்கொள்ளுதலும், எட்டக்கூடியதைச் சோர்வின்றிச் செம்மை செய்தலும் வண்ண அச்சு கற்பிக்கும் பாடங்களாகும். அவை அச்சுக்கு மட்டும் உரியன அல்ல.